பிள்ளைகளின் கார்ட்டூன் படத்தில் தன்பாலீர்ப்பு: ஒரு வரி வந்தால் போதுமா?

வட்டைக்கரை (திருக்கோவில்)
இரவு 9.40

போன போயாவுக்கு வீட்டில 'ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்ட்' பார்த்தம். டிஸ்னி 2022இல விட்ட படம். மகனுக்கு ஒன்பது வயசு. அப்பா வயல் வட்டையால வந்து கால் கழுவிப்போட்டு எங்களோட வந்து குந்திட்டார். கார்ட்டூன் எண்டா அவர் திரும்பியும் பார்க்கமாட்டார். ஆனா இந்தப் படத்தில வாற தகப்பன் ஒரு வெள்ளாமைக்காரன். தன்ர மகனும் தன்னைப்போல மண்ணிலதான் நிக்கோணும் எண்டு நினைக்கிற ஆள். அதைக் கண்டதும் அப்பா எழும்பவேயில்லை.

மகன்ர பெயர் ஈதன். 16 வயசு. டியாசோ எண்ட பொடியன்ல அவனுக்கு விருப்பம். வீட்டில எல்லாருக்கும் தெரியும், ஒருத்தரும் அதை மூடி மறைக்கேல்லை. டியாசோவுக்கு முன்னால தகப்பன் ஏதோ கதைச்சு மகனை வெட்கப்படுத்துறான், எல்லா அப்பாமாரும் செய்யிறதுதான். எனக்கு நெஞ்சில பட்டது வேற இடம். 25 வருஷமாக் காணாமல் போன தாத்தா ஒருத்தர் வாறார். பேரனை அண்டைக்குத்தான் முதல்முதல் காணுறார். பேரனுக்கு ஒரு பொடியன்ல விருப்பம் எண்டு தெரிஞ்ச பிறகும் அவர்ர முகம் மாறேல்லை. அந்தப் பொடியன்ர மனசைப் பிடிக்கிறதுக்குத் தன்ர காலத்து வழியில புத்தி சொல்றார்.

மகன் கேட்டான், "அம்மா, ஈதனுக்கு டியாசோவையா பிடிக்கும்?" நான் "ஓம் மனே" எண்டன். "ஓ" எண்டுபோட்டு அந்த மூண்டு கால் நாயைப் பார்க்கத் தொடங்கிட்டான். அப்பா மட்டும், படலை பூட்டியிருக்கா எண்டு பார்த்திட்டு வாறன் எண்டு எழும்பிப் போனார். படம் முடியுமட்டும் திரும்பி வரேல்லை.

எனக்கு ஒரு தம்பி இருக்கான். ஆறு வருஷமா வீட்டுக்கு வாறதில்லை. ஏன் எண்டு நான் எழுதத் தேவையில்லை.

நான் கேட்க வந்தது இதுதான். இப்பிடி முழுசா ஒரு குடும்பத்தோட வாற படம் ஒண்டு ரெண்டுதான். மற்றதெல்லாம் ஒரு வரி. 'ஒன்வார்ட்' (2020) படத்தில ஒரு ஒற்றைக்கண் பொலிஸ்காரி வாறா, பெயர் ஸ்பெக்டர். தன்ர காதலியின்ர மகளால தலைமயிரைப் பிய்க்கவேண்டி இருக்கு எண்டு ஒரு இடத்தில சொல்றா. அவ்வளவுதான். அதுக்கே குவைத், ஓமான், கட்டார், சவூதியில படத்தை ஓடவிடேல்லை. ரஷ்ய மொழியில குரல் குடுக்கேக்க 'காதலி' எண்ட சொல்லை 'துணை' எண்டு மாத்திட்டாங்க. அந்த வரியை வெட்டி எடுத்தா கதையில ஒரு நூல்கூட அறாது. வெட்டுறதுக்குத் தோதா வச்ச மாதிரித்தான் எனக்குத் தெரியுது. உங்கட வீட்டில பிள்ளைகள் கேட்டா என்ன சொல்றனீங்க?

கல்லடி_பாடுமீன்
இரவு 10.05

அக்கா, அந்த ஒரு வரியையும் குறைச்சு எடை போடாதீங்க. 2012இல 'பாராநார்மன்' வந்திச்சு. பேய் பார்க்கிற நோர்மன் எண்ட பொடியன்ர கதை. அதில மிட்ச் எண்டு ஒரு கட்டுமஸ்தான அண்ணன். நோர்மன்ர அக்கா படம் முழுக்க அவனுக்குப் பின்னால திரியிறா. கடைசியில படம் பார்க்கப் போவமா எண்டு கேட்கேக்க, என்ர காதலனுக்கு இந்த மாதிரிப் படமெண்டா உயிர் எண்டு சர்வசாதாரணமாச் சொல்றான். பெரிய கொம்பனிகள் எடுத்த கார்ட்டூன் படங்களில இப்பிடி வெளிப்படையாச் சொன்ன முதல் ஆள் அவன்தான் எண்டு எழுதுவாங்க. பார்க்கிற நேரம் எனக்குப் பொறி தட்டின மாதிரி இருந்திச்சு. அந்த வரி கேட்ட பிறகு முழுப் படத்தையும் திரும்பப் பார்த்தன். அதுவரைக்கும் அவன் எல்லாரையும்போல ஒரு அண்ணன். அதுக்குப் பிறகும் அதே அண்ணன்தான்.

நிந்தவூர்_வாப்பா
இரவு 10.48

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். மனசில உள்ளத நேராச் செல்லுறன், ஆரும் குறை நினைக்க வேணாம்.

2022 ஜூன் மாசம் நான் டுபாய்ல, ஒரு கொம்பனியில கணக்கு வேல. புள்ளைகளும் லீவுக்கு வந்திருந்த நேரம். 'லைட்இயர்' படத்துக்குப் போவம் எண்டு நாள் எண்ணிட்டு இரிந்தாங்க. அங்க தடை பண்ணிட்டாங்க. சின்ன மகன் அழுதுட்டான். ஏன் வாப்பா எண்டு கேட்டான், நான் சரியா ஒண்டும் செல்லல்ல.

எங்கட மார்க்கத்தில இதுக்கு இடமில்ல. அத நான் மாத்திச் செல்ல ஏலாது. ஆனா என்ட முறைப்பாடு வேற. குடும்பப் படம் எண்டு பெயர் போட்டா, உம்மா அடுப்படியில நிக்கிற நேரம் புள்ளைய டிவிக்கு முன்னால நம்பி விடலாம் எண்டுதான் அர்த்தம். எந்த வயசில என்னத்தச் செல்லிக் குடுக்கிற எண்டு தாய் தகப்பன்தான் முடிவு எடுக்கணும். அமெரிக்காவில இரிக்கிற ஒரு கொம்பனி அத எனக்குப் பதிலா முடிவு எடுக்கக் கூடாது.

வட்டைக்கரை
இரவு 11.20

நிந்தவூர் காக்கா, மனம் திறந்து எழுதினதுக்கு நன்றி. நானும் மனம் திறந்தே எழுதுறன்.

'லைட்இயர்' நான் ரெண்டு தரம் பார்த்தனான். கதை இதுதான்: பஸ் எண்ட விண்வெளி வீரர் ஒவ்வொரு தரமும் சோதனைப் பறப்புக்குப் போய்ட்டு வாறார். அவருக்குச் சில நிமிஷம், நிலத்தில இருக்கிற ஆக்களுக்கு நாலு வருஷம். அவர் ஒவ்வொரு தரமும் இறங்கேக்க அவர்ர சிநேகிதி அலிஷா ஒரு படி வயசு போய் நிக்கிறா. ஒரு தரம் வரேக்க அவவுக்கு ஒரு பெண்ணோட கலியாணம் நிச்சயமாகி இருக்கு. பிறகு ஒரு மகன். பிறகு தலை நரைக்குது. கலியாண நிறைவு நாளில மனைவியோட ஒரு முத்தம், கண்மூடித் திறக்க முதல் போயிரும். பிறகு ஒரு தரம் அவர் இறங்கேக்க அலிஷா உயிரோட இல்லை.

அந்த முத்தத்தைத்தான் உலகமே தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. ஆனா அதுக்குப் பிறகு கதையைக் கொண்டு போறது ஆர்? அலிஷாவின்ர பேத்தி இஸ்ஸி. ரெண்டு பெண்கள் சேர்ந்து நடத்தின வீட்டில இருந்து வந்த பிள்ளை. முத்தத்தை வெட்டலாம், பேத்தியை வெட்ட ஏலாது. எனக்கு இந்தப் படம் பிடிச்சதே அதால. 'ஒன்வார்ட்' வரிக்கும் இதுக்கும் வித்தியாசம் அதுதான் காக்கா, இஞ்ச அந்தக் குடும்பம் கதையின்ர வேரில இருக்கு.

அந்த முத்தமும் லேசில வந்ததில்லை. முதல் அதை எடுத்துப் போட்டிருந்தாங்க. 2022 மார்ச்சில, இந்தப் படத்தை எடுத்த டிஸ்னியின்ர பிக்சார் கலையகத்து ஊழியர்கள் ஒரு கடிதம் எழுதினாங்க, இப்பிடியான அன்பைக் காட்டுற இடம் கிட்டத்தட்ட எல்லாத்தையும் டிஸ்னி வெட்டச் சொல்லுது எண்டு. அதுக்குப் பிறகுதான் திரும்பச் சேர்த்தது. கொம்பனி எங்களுக்குப் பாடம் நடத்துது எண்டு நீங்க நினைக்கிறீங்க. உள்ளுக்க வேலை செய்யிற ஆக்கள், எங்கட வாயைக் கொம்பனி மூடுது எண்டு எழுதினாங்க.

தாய் தகப்பன் முடிவு எடுக்கோணும் எண்டது நியாயம். ஆனா உங்கட மகன் ஏன் வாப்பா எண்டு கேட்ட நேரம் நீங்க ஒண்டும் சொல்லேல்லை. அதுவும் ஒரு முடிவுதான் காக்கா. என்ர அப்பா படலை பார்க்கப் போன மாதிரி.

கூத்துக்களரி (ஓய்வுபெற்ற ஆசிரியர், வந்தாறுமூலை)
காலை 6.15

இந்த இழையை இரவு வாசித்துவிட்டுத் தூக்கம் வரவில்லை. கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வடமோடி, தென்மோடிக் கூத்துகளில் திரௌபதையும் சுபத்திரையும் ஆண்பிள்ளைகளே. என்னோடு படித்த ஒருவன் பெண் வேடத்துக்குப் பேர்போனவன். கொண்டை வைத்து, கச்சை கட்டி, வெள்ளை பிடித்த களரிக்குள் சல்லாரிச் சத்தத்தோடு அவன் காலெடுத்து வைத்தால் சுற்றியிருந்த பெண்கள் குரவையிடுவார்கள். கூத்துப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்தாமலே அவனைப் பார்த்துத் தலையசைப்பார். எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது: வரவுத் தாளம் முடிகிற இடத்தில் இடக்கை விரல்களை மெல்ல விரித்து, கழுத்தைச் சற்றே சாய்த்து நிற்பான். அந்தச் சாய்வுக்காகவே வயல் கடந்து ஆட்கள் வருவார்கள். விடிந்ததும் அதே கழுத்துச் சாய்வை வைத்து அதே ஆட்கள் சந்தியில் அவனைக் கேலி செய்வார்கள். பெண் வேடம் கட்டியவர்கள் எல்லாரும் தன்பாலீர்ப்புடையவர்கள் அல்லர், அப்படி யாரும் நினைத்துவிட வேண்டாம். அவன் எப்படி என்பதும் எனக்குத் தெரியாது, நான் கேட்டதில்லை. இரவில் கொண்டாடியதைப் பகலில் இழிவாக்கினோம் என்பதைத்தான் சொல்கிறேன்.

ஹொலிவூட்டிலும் இது நடந்திருக்கிறது. 1934 முதல் 1968 வரை அங்கே ஒரு தணிக்கை விதித்தொகுப்பு நடைமுறையில் இருந்தது. தன்பாலீர்ப்பு என்பதைத் திரையில் நேராகக் காட்டக்கூடாது என்பது அதன் விதிகளில் ஒன்று. அதனால் சாடை காட்டினார்கள். மெல்லிய கைவிரல், இழுத்த பேச்சு, அதிகப்படியான அலங்காரம். இவை பெரும்பாலும் வில்லனுக்கே போய்ச் சேர்ந்தன. விதி ஒழிந்த பிறகும் பழக்கம் ஒழியவில்லை. 'லயன் கிங்' படத்தின் ஸ்காரையும் 'அலாவுதீன்' படத்தின் ஜஃபாரையும் நினைத்துப் பாருங்கள். 1989இல் வந்த 'லிட்டில் மெர்மெய்ட்' படத்தில் வரும் கடல் சூனியக்காரி உர்சுலாவின் உருவத்தை, டிவைன் என்ற பெயரில் பெண் வேடமிட்டு நடித்த கலைஞரைப் பார்த்தே வரைந்தார்கள்.

அந்தப் படத்தின் பாடல்களை எழுதியவர் ஹவார்ட் ஆஷ்மன். அவர் தன்பாலீர்ப்புடையவர். 'பியூட்டி அண்ட் த பீஸ்ட்' படத்தின் பாடல்களும் அவருடையவை. சாபத்தால் உருமாறி, கண்ணாடியில் தன் முகம் பார்க்க அஞ்சி, ஊரார் தீப்பந்தத்தோடு வரும்வரை மாளிகைக்குள் அடைந்து கிடக்கும் ஒருவனின் கதை அது. அதற்குப் பாட்டு எழுதிய நாட்களில் ஆஷ்மன் எயிட்ஸ் நோயோடு இருந்தார். 1991 மார்ச்சில், 40 வயதில் இறந்தார். படம் வந்தது அதே ஆண்டு நவம்பரில். கடற்கன்னிக்குக் குரலும் அந்த மிருகத்துக்கு ஆன்மாவும் கொடுத்த எங்கள் நண்பர் என்று படத்தின் முடிவில் அவருக்குக் காணிக்கை செலுத்தியிருக்கிறார்கள்.

நிந்தவூர்த் தம்பி, குடும்பப் படங்களுக்குள் இவர்கள் புதிதாக நுழைந்தவர்கள் அல்லர். நம் பிள்ளைகள் பாடித் திரிந்த பாட்டே அவர்கள் எழுதியதுதான்.

ஸ்க்ரீன்_அம்பாறை
காலை 8.30

எல்லாம் சரி, ஆனா சனம் பார்க்குதா? 'ஸ்ட்ரேஞ்ச் வேர்ல்ட்' எடுக்க 18 கோடி டொலர் அளவில செலவாம். உலகம் முழுக்கச் சேர்ந்தது 7 கோடி சொச்சம். இப்பிடி விழுந்தா அடுத்த தயாரிப்பாளர் எப்பிடித் துணிவார்?

கல்லடி_பாடுமீன்
காலை 8.52

விழுந்தது உண்மை. ஆனா கன நாடுகளுக்கு டிஸ்னியே அந்தப் படத்தை அனுப்பேல்லை. கடை திறக்காத ஊரில வியாபாரம் இல்லை எண்டு சொல்ல ஏலுமா? கதையும் கொஞ்சம் தளர்வுதான், நான் மறுக்கேல்லை. 'நிமோனா'வைப் பாருங்க. புளூ ஸ்கை எண்ட கலையகம் செய்துகொண்டிருந்த படம். 2021இல டிஸ்னி அந்தக் கலையகத்தையே இழுத்து மூடிச்சு. பிறகு நெட்ஃபிளிக்ஸ் எடுத்து 2023இல விட்டது, ஒஸ்கார் பரிந்துரைப் பட்டியல் வரைக்கும் போச்சு. அதில ரெண்டு மாவீரர்கள் காதலர்கள். ஒருத்தன்ர கையை மற்றவனே வெட்டுறான், கடமை எண்டு நினைச்சு. அந்தக் காயம்தான் கதை. எங்கட நிலத்தில ஆருக்கும் இது விளங்காம இருக்காது.

பெயர்_வேண்டாம்_மட்டு
பிற்பகல் 2.10

நான் மட்டக்களப்புத்தான். இதுவரை எங்கும் எழுதியதில்லை.

2017இல் எனக்கு 17 வயது, உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். 'இன் எ ஹார்ட்பீட்' என்றொரு குறும்படம் யூடியூபில் வந்தது. அமெரிக்காவில் ரிங்லிங் கல்லூரி மாணவர்கள் இருவர் தங்கள் இறுதி ஆண்டு வேலையாகச் செய்தது. நாலு நிமிடம். பேச்சே இல்லை. சின்ன வீடு, மறு அறையில் அம்மா. சத்தத்தை முழுவதும் குறைத்துவிட்டுத்தான் பார்த்தேன்.

செம்பட்டைத் தலைமுடிப் பையன் ஒருவன் மரத்தில் ஒளிந்திருந்து, பள்ளிக்கூடத்துக்கு வரும் இன்னொரு பையனைப் பார்க்கிறான். அவனுடைய இதயம் நெஞ்சைவிட்டுத் துள்ளி வெளியே வந்துவிடுகிறது. சிவப்பாக, கையுங்காலுமாக ஒரு சின்ன உயிர். அது அந்தப் பையனை நோக்கி ஓடுகிறது. இவன் அதைப் பிடித்து அமுக்கப் பார்க்கிறான், வாயைப் பொத்துகிறான், அது நழுவி நழுவி ஓடுகிறது. பள்ளிக்கூடத்துக்குள் எல்லாரும் திரும்பிப் பார்க்கிறபோது அது இரண்டாக உடைகிறது. நான் அந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். மிச்சத்தைப் பார்க்க இரண்டு நாள் சென்றது.

எனக்கும் அப்படி ஒருவன் இருந்தான். கல்லடிப் பழைய பாலத்தால் சைக்கிளில் வருவான். நான் முன்னமே போய் வாவியைப் பார்க்கிற மாதிரி நிற்பேன். அவன் கடக்கும்போது பலகை அதிரும் சத்தம் காலுக்குள் ஏறும். ஒரு நாள்கூட நான் திரும்பியதில்லை.

படித்த இடத்தில் ஓர் ஆசிரியர் என்னை வகுப்புக்கு முன்னால் கூப்பிட்டு, "நடந்து காட்டு" என்றார். கதவடியில் இருந்து யன்னலடி வரைக்கும். எல்லாரும் சிரித்தார்கள். ஐயா எழுதிய வில்லன் சாடைகளைப் பற்றி வாசித்தபோது அந்த நடைதான் ஞாபகம் வந்தது. அன்றைக்கு வகுப்பில் இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அப்படி நடப்பவனைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று சின்ன வயதிலேயே படம் பார்த்துப் பழகியிருந்தார்கள்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். தண்டனைச் சட்டக்கோவை 1883இல் வெள்ளைக்காரன் போட்டது. அதன் 365, 365அ பிரிவுகள்தான் எங்களைக் குற்றவாளி ஆக்கியவை. 1995இல் திருத்தியபோது பெண்களையும் அதற்குள் கொண்டுவந்தார்கள். குற்றமில்லை என்று ஆக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என 2023 மேயில் உயர் நீதிமன்றம் சொன்னது. அன்று இரவு நான் அந்தக் குறும்படத்தை மறுபடி பார்த்தேன். இந்த முறை சத்தம் வைத்து. முடிவில் மற்றப் பையன் வந்து பக்கத்தில் இருந்து, உடைந்த பாதியோடு தன் கையில் இருக்கும் பாதியைச் சேர்க்கிறான்.

நிந்தவூர்_வாப்பா
பிற்பகல் 4.35

தம்பி, அஸர் தொழுதுட்டு வந்து திரும்ப வாசிச்சன்.

என்ட மார்க்கம் செல்லுறத நான் விட மாட்டன், அத உங்களுக்கு ஒளிக்கவும் மாட்டன். ஆனா ஒரு புள்ளைய நாலு பேருக்கு முன்னால நிப்பாட்டி நடந்து காட்டு எண்டு செல்லுறதுக்கு எந்த மார்க்கத்திலயும் இடமில்ல. அது அநியாயம். அந்த வகுப்பில என்ட மகன் இரிந்து சிரிச்சிருந்தா நான் என்ன செஞ்சிருப்பன் எண்டுதான் யோசிச்சிட்டு இரிக்கன். அவன் சிரிக்கக் கூடாது எண்டு நான் செல்லிக் குடுத்ததே இல்ல. ஒண்டும் செல்லாம விட்டா போதும் எண்டு நினைச்சன்.

வட்டைக்கரைத் தங்கச்சி செல்லின அந்தப் பேத்தி விஷயம் எனக்குப் புடிபடுது. ஒத்துக்கிட்டன் எண்டு இல்ல. புடிபடுது.

கூத்துக்களரி
மாலை 5.20

தம்பி மட்டு, நீ எழுதியதற்கு நன்றி. வேறு சொல் எனக்கு வரவில்லை.

பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது என்று தங்கை முதலில் கேட்டாள். அதற்குப் பதில் சொல்லாமல் எங்கெங்கோ போய்விட்டோம். செய்தித்தாள்கள் 'ஓரினச்சேர்க்கை' என்று எழுதுகின்றன. அந்தச் சொல்லில் 'சேர்க்கை'தான் முன்னுக்கு நிற்கிறது, கேட்ட உடனே பெரியவர்களுக்குப் படுக்கை ஞாபகம் வந்துவிடுகிறது. பிள்ளைக்கு முன்னால் வாய் அடைத்துப் போவது அதனால்தான். 'தன்பாலீர்ப்பு' என்பதில் இருப்பது ஈர்ப்பு. இரும்புத் தூளும் காந்தமும் வைத்து ஆறாம் வகுப்பில் நான் எத்தனையோ வருடம் எழுதிய சொல். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அதுவும் வேண்டாம். ஈதனுக்கு டியாசோவைப் பிடிக்கும். தங்கை அன்று சொன்ன "ஓம் மனே" போதும்.

வட்டைக்கரை
மறுநாள் இரவு 8.55

எல்லாரும் எழுதினதை மூண்டு தரம் வாசிச்சன். தம்பி மட்டு, உங்கட பதிவை என்ர தம்பிக்கும் அனுப்பினன். அவன் பதிலா ஒண்டும் எழுதேல்லை, வாசிச்சதுக்கு ரெண்டு நீலக் கோடு விழுந்திருக்கு.

இண்டைக்கு ஒண்டு நடந்தது, அதை எழுதத்தான் வந்தன். பின்னேரம் அப்பாவுக்குத் தேத்தண்ணி கொண்டு வாடிக்குப் போனன். குடலைப் பருவம், தண்ணி கட்டி நிக்குது. வரம்பில குந்தியிருந்து குடிச்சார். கோப்பையைத் திருப்பித் தரேக்க என்ர முகத்தைப் பார்க்காமக் கேட்டார்:

"அந்தப் படத்தில வந்த கிழவன், எத்தினை வருஷத்துக்குப் பிறகு கா பேரனைக் கண்டவன்?"

"இருபத்தஞ்சு அப்பா."

"கனக்க" எண்டார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வக்கடையைக் கட்டப் போய்ட்டார்.